கூரைக்கு மேலும் ஓர் அடுக்கு வேண்டுமா?

கோடைப் பகலில் தெளிந்த வானிலிருந்து சமதளக் கூரையின்மீது விழும் கதிரவன் ஆற்றல், நண்பகலில் சதுர மீட்டருக்கு 900 வாட் அளவை எட்டுவதுண்டு. ஒரு சுவரின்மீது சில மணி நேரமே வெயில் படுகிறது. கூரைமீதோ நாள் முழுவதும் படுகிறது. எனவே மேல்மாடியில் வாழ்வோரும், அங்குள்ள வகுப்பறைகளில் பயிலும் சிறுவரும் பிறரைக் காட்டிலும் மிகுதியான வெம்மைக்கு ஆளாகின்றனர். பகலில் ஏற்ற வெப்பத்தைக் காங்கிரீட் தளம் இரவில் அறைக்குள் விடுவதால், முதியோரும் குழந்தைகளும் உறக்கமின்றி வாடுகின்றனர்.

இதனைத் தடுக்கத் தளத்தின்மேல் வெப்பத் தடுப்பு அடுக்கு அமைக்கும் வழக்கம் பரவி வருகிறது. அவ்வாறு அமைத்தவர்களுள் சிலர், "ஓர் அங்குலம் பதித்தும் வெம்மை முற்றும் தணியவில்லை, இன்னும் ஓர் அங்குலம் பதிக்கலாமா?" என்று வினவுகின்றனர். பணம் செலவிடுமுன் இவ்வினாவிற்குக் கணக்கினாலும் வெப்பமானியினாலும் விடை காண வேண்டும்.

12 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் தளம் 10 செ.மீ. கனமுள்ள காங்கிரீட். வெயிலில் காயும் மேற்பரப்பின் பக்கத்திற்கும் அறைக்காற்றிற்கும் இடையே 25 டிகிரி சென்டிகிரேடு வேறுபாடு நிலையாக இருப்பதாகக் கொள்வோம். வெறும் தளத்தின் வழியே ஏறத்தாழ 1,100 வாட் வெப்பம் உள்ளே இறங்குகிறது. ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியை அறையில் ஓயாது எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். தெர்மோகோல் என வழங்கும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகையை 2.5 செ.மீ. கனத்திற்குப் பதித்தால், இவ்வெப்பம் 300 வாட்டாகக் குறைகிறது. இரண்டாம் பலகை இதனை 175 ஆகவும், மூன்றாம் பலகை 125 ஆகவும் குறைக்கின்றன.

முதல் பலகை தடுத்தது 800 வாட். இரண்டாவது தடுத்தது 125. மூன்றாவது தடுத்ததோ 50 மட்டுமே. ஒவ்வொரு பலகையும் சமமான தடையையே சேர்க்கிறது. ஆயினும் தடை இரட்டித்தால் வெப்பம் பாதியாகுமேயன்றி முழுவதும் நிற்பதில்லை. முன்பே குறைந்துவிட்ட வெப்பத்தில் பாதி என்பது சிறிதளவே. செலவு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவாகும்.

வட இந்தியாவில் தளத்தின்மேல் 10 செ.மீ. அளவிற்கு வைக்கோல் கலந்த களிமண் இட்டு, அதன்மேல் செங்கல் ஓடு பதிப்பது பழைய முறை. மேற்கூறிய அறையில் அம்மண் அடுக்கு மட்டும் இருந்தால், சுமார் 650 வாட் உள்ளே வரும். மண்ணைக் கூட்டுவது இதற்குப் பரிகாரமாகாது, 10 செ.மீ. மண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ பாரம் ஏற்றுவதால் தளத்திற்குத் தீங்கு நேரலாம். நுரைப் பலகையின் பாரமோ மிகச் சொற்பம்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, ஒரு டிகிரி வேறுபாட்டிற்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டிற்கு மேல் கூரை வழியே வெப்பம் புகலாகாது என வரையறுக்கிறது. வெறும் தளத்தில் இவ்வளவு 3.7, ஒரு பலகை பதித்த தளத்தில் சுமார் 1.0. ஆகவே, நன்கு பதிக்கப்பட்ட ஒரு பலகையே இவ்வரையறைக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு பலகை இருந்தும் வெம்மை தணியாத வீட்டில், மாலை 4 மணி முதல் 7 மணி வரை கூரையின் அடிப்பரப்பில் ஒரு வெப்பமானியின் குமிழை ஒட்டியும், அறையின் நடுவே மற்றொன்றைத் தொங்கவிட்டும் அளந்து பார்த்தல் நன்று. கணக்கின்படி இவற்றிடையே சுமார் 4 டிகிரி வேறுபாடே இருக்கலாம். வேறுபாடு 8 டிகிரிக்கு மேற்பட்டால், பலகையில் நீர் புகுந்திருக்கலாம், அல்லது இணைப்புகளில் இடைவெளி இருக்கலாம். நனைந்த பொருள் வெப்பத்தைத் தடுக்காது. அதன்மேல் இன்னோர் அடுக்கு இடுவதைவிட, நீர்க்கசிவை முதலில் அடைப்பதே முறை. வேறுபாடு 2 டிகிரிக்கும் குறைவாயின், குற்றம் கூரையினுடையதன்று. நிழலற்ற மேற்குச் சன்னலையோ, இரவில் காற்றோட்டம் இன்மையையோ ஆராய்தல் வேண்டும். கூரையைத் தடுத்தபின் சன்னல் வழியே புகும் வெப்பம் இரவில் வெளியேற வழி வேண்டுமாதலால், இரவில் சன்னல்களைத் திறந்துவைப்பது இன்றியமையாதது.

செலவு குறைந்த வேறொரு வழியும் உண்டு. கருமை படர்ந்த காங்கிரீட், தன்மீது விழும் கதிரொளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உட்கொள்கிறது. புதிய வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கொள்கிறது. தூசி படிந்தால் இப்பயன் குறையுமாதலால், ஆண்டுதோறும் கோடைக்கு முன் தளத்தைக் கழுவிப் பூசுதல் தக்கது. தெலங்கானா அரசு 2023-ஆம் ஆண்டில் குளிர்கூரைகளுக்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது.

இரண்டாம் அடுக்கு எங்கும் வீண் என்று கொள்ளலாகாது. இடைவிடாது குளிர்சாதனம் இயங்கும் அறைக்கும், குளிர்கால இரவுகளில் பூஜ்யத்திற்குக் கீழ் 15 டிகிரி வரை இறங்கும் லே நகரம் போன்ற இடங்களுக்கும் அது பயன்தரும். அங்கே வெப்ப வேறுபாடு பெரிது. எரிபொருளோ மின்சாரமோ நாள்தோறும் மிச்சமாகும்.

இவ்வுண்மையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். ஒரே அளவான நான்கு மூடியிட்ட தகரக் குவளைகளில் ஒரே சூடுள்ள வெந்நீரைச் சம அளவில் ஊற்றுக. ஒன்றை வெறுமனே விட்டு, மற்றவற்றிற்கு முறையே ஒன்று, இரண்டு, மூன்று சுற்றுக் கம்பளித் துணி சுற்றி, அரை மணி கழித்து வெப்பமானியால் அளந்து, அளவுகளைக் கரும்பலகையில் எழுதுக. முதல் சுற்று தரும் பயனே பெரிது என்பதை மாணவர் தாமே காண்பர். பின்னர் அவர்கள் தம் வீட்டாருக்கும் காரணம் காட்டி அறிவுரை கூற வல்லவராவர்.