1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டத்தின் தண்டனைக் கூறுகளும் தமிழ் நூற்பதிப்பு ஆய்வும்

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்புப் பக்கத்தை முதன்மைச் சான்றாகக் கொள்வர். அந்நூற்றாண்டின் பிற்பகுதி நூல்களில் அச்சுக்கூடத்தின் பெயரும் ஊரும் இடம்பெற்றமைக்குப் பதிப்பாளரின் விருப்பம் மட்டுமே காரணமன்று; அவற்றை விடுத்து அச்சிடுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டமாகிய அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் விதித்த தண்டனைகளையும், ஆய்வுச் சான்றுகளின் தன்மையை அவை தீர்மானித்த விதத்தையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

கடமைகளும் தண்டனைகளும்

இச்சட்டம் மூவகைக் கடமைகளை விதித்தது. அச்சகம் வைத்திருப்போரும் செய்தித்தாளை அச்சிட்டு வெளியிடுவோரும் நடுவர் முன் உறுதிமொழி அளித்தல் வேண்டும். ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும், வெளியிடப்படுமாயின் வெளியிட்டவர் பெயரும் இடமும் தெளிவாகப் பொறிக்கப்படல் வேண்டும். அச்சிட்ட நூலின் படிகளை ஒரு மாதத்திற்குள் அரசிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

முதலிரு கடமைகளை மீறியோர்க்கும் பொய்யுறுதி அளித்தோர்க்கும் 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 1922ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை 2000 ரூபாயாகவும் ஆறு மாதமாகவும் குறைத்தது. படிகளை ஒப்படைக்காதோர்க்கு உரிய தண்டம் ஒவ்வொரு தவறுக்கும் 50 ரூபாய்க்கு மேற்படாத தொகையும் அப்படிகளின் விலையும் மட்டுமே. அச்சிட்டவரைக் கண்டறிவதிலேயே அரசு கூடுதல் கருத்துச் செலுத்தியது என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது.

பதிவும் பொறுப்பும்

செய்தித்தாள் வழக்குகளில், நடுவர் முன் அளித்த உறுதிமொழியின் சான்றுநகலே அதில் கையொப்பமிட்டவருக்கு எதிரான போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது. எழுதியவர் யார் என்று மெய்ப்பிப்பது கடினமாயினும், பதிவானவரைப் பொறுப்பாக்குவது எளிதாயிற்று. 1908இல் ‘இந்தியா’ இதழின் மீது அரசத் துரோக வழக்குத் தொடரப்பட்டபோது, சட்டப்படி இதழின் பொறுப்பாளராக இருந்த எம். சீனிவாசன் தண்டனை பெற்றார். இதழை நடத்திய பாரதியார் அவ்வாண்டே புதுச்சேரி சென்றார். தண்டனை வேறு சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டதாயினும், பொறுப்பாளர் யார் என்பதைப் பதிவே சுட்டிற்று. ஆகவே, இதழொன்றில் அச்சான பெயரை அதன் உண்மையான ஆசிரியர் பெயராக ஆய்வாளர் உடனே கொள்ளுதல் தகாது.

பதிவேட்டின் பயன்

நூலின் முகப்பில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அச்சிடுமாறு இச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அரசு பேணிய பதிவேட்டில் ஆசிரியர், வெளியான நாள், பக்க எண்ணிக்கை, பதிப்பு, படிகளின் எண்ணிக்கை, விலை முதலியன இடம்பெற வேண்டியிருந்தன. இப்பதிவுகள் காலாண்டுதோறும் அரசிதழில் வெளியிடப்பட்டன. முகப்பில் ஆண்டில்லாத சிறு வெளியீடுகளின் காலத்தைத் துணிய இக்காலாண்டுப் பட்டியல்கள் பயன்படும். எனினும், ஒப்படைக்கப்பட்ட நூல்களே பட்டியலில் ஏறின. ஒப்படைக்காமைக்கான தண்டம் சிறிதாதலின், பட்டியலில் இல்லாத நூல் அச்சாகவே இல்லை என முடிவுசெய்தல் பிழையாகும்.

நிறைவுரை

2023ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. பதிவின்றி இதழ் வெளியிடுவோர்க்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுத்துமாறு ஆணையிட்டு ஆறு மாதம் கடந்தும் தொடர்வோர்க்கே சிறைத்தண்டனை. அச்சுரிமையாளர் மீதான அச்சம் தளர்ந்தது வரவேற்கத்தக்கது. ஆயினும், புதிய சட்டத்தின் வரம்பிற்குள் நூல்கள் வரவில்லை. நூல்களைப் பொறுத்தவரை, கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படிகள் அனுப்பப் பணிக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சுகின்றது. அச்சட்டம் வகுத்த அபராதமும் 50 ரூபாயும் நூலின் விலையுமே. 1867இல் போதாதிருந்த அத்தொகையை நம்பியே இன்றைய தமிழ் நூல்கள் நாளைய ஆய்வாளர்க்குச் சென்று சேர வேண்டியுள்ளது.