ஆழத்திற்கு ஒன்று, வேகத்திற்கு ஒன்று

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் முடிவில், பரதேசித் தொழுகைக்கூடத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. வணிகர் எசக்கியேல் ரஹபி 1760ஆம் ஆண்டளவில் எழுப்பிய அக்கூண்டின் முகப்புகளில் எபிரேயம், ரோமன், மலையாளம் என மூவகை எண்களைக் காணலாம். பல்லாண்டுகள் ஓடாதிருந்த அக்கடிகாரம், உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியால் பழுதுபார்க்கப்பட்டது. பல்சக்கரக் கடிகாரத்தின் இயல்பு இதுதான்: பேணினால் தலைமுறைகளைக் கடக்கும், பேணாவிடில் நின்றுவிடும். சுவிஸ் கைக்கடிகாரம் வாங்க எண்ணுவோர் முதலில் கருத வேண்டியதும் இதுவே.

அத்தகைய கடிகாரங்களுள் பெரிதும் விரும்பப்படுபவை இரு வகை. முதலாவது, கடலில் மூழ்குவோருக்கானது. கடற்படையின் மூழ்குநர் பயிற்சிப் பள்ளி இயங்கும் கொச்சிக்கு இது அந்நியமன்று. பிளாங்க்பெய்ன் நிறுவனம் 1953இல் வெளியிட்ட 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஐம்பது ஃபாதம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் ஒரே திசையில்தான் சுழலும். தவறிப் பட்டு நகர்ந்தாலும், நீரில் கழிந்த நேரத்தை அது கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டாது. மூழ்கியவர் முன்கூட்டியே மேலேறுவார், உயிர் தப்பும். ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தின்படி இக்கடிகாரம் குறைந்தது 100 மீட்டர் ஆழத்தைத் தாங்க வேண்டும். '30 மீட்டர்' என்று பொறித்த சாதாரணக் கடிகாரம் நீர்த்துளிகளைத் தாங்குமேயன்றி நீச்சலுக்கு உதவாது.

இரண்டாவது, கார்ப் பந்தயத்திற்கானது. ஹாயர் நிறுவனத்தின் 'கரேரா', ரோலெக்ஸின் 'டேடோனா' ஆகிய இரண்டும் 1963இல் வந்தவை. ஒரு கிலோமீட்டரை 30 நொடிகளில் கடந்தால், நொடிமுள் வேக அளவுகோலில் 120 என்னும் எண்ணைத் தொடும். அதுவே மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். இதில் உறுப்புகள் மிகுதி. ஆதலின் பராமரிப்புச் செலவும் மிகுதி. பொத்தான்களை நீருக்கடியில் அழுத்துவது பொதுவாகத் தகாது.

மழையும் உப்புக்காற்றும் மிகுந்த கொச்சியில் அன்றாடம் அணிய முதல்வகையே ஏற்றது என்பது நம் கருத்து. எனினும் அதன் ரப்பர் வளையங்களும் நாளடைவில் தளரும். ஆண்டுக்கொருமுறை நீர்த்தடைச் சோதனையும், ஏறத்தாழ ஐந்தாண்டுக்கொருமுறை முழுப் பராமரிப்பும் தேவை. அச்செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுவீர்.

சில கடிகாரங்கள் மறுவிற்பனையில் கூடுதல் விலை பெறுவது உண்மை. ஆனால் எல்லாவற்றிற்கும் அவ்வாய்ப்பு இல்லை; ஆகவே சேமிப்பை இதில் முடக்குவது நன்றன்று. இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெற வணிகருக்குச் சட்டம் இடந்தராது. பத்து லட்சத்தைத் தாண்டும் கடிகாரத்திற்கு 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு விழுக்காடு வரி விற்பனையின்போதே வசூலிக்கப்படுகிறது. வருமானவரிக் கணக்கில் அதனை ஈடுசெய்து கொள்ளலாம். பான் எண் குறித்த ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துவீர்.

பெட்டகத்தில் வைப்போர் ஒன்றை நினைவிற்கொள்க. தீ, திருட்டு போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு, பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரையே. மூவாயிரம் ரூபாய் வாடகையென்றால் மூன்று லட்சம். கடிகாரத்தின் விலை அதனை விஞ்சுமாயின், தனிக் காப்பீடு செய்துகொள்வதே அறிவுடைமை.