கோழிக்கும் காப்புக் கட்டுவோம்

மாசி பிறந்தாலே நாட்டுக்கோழி வளர்க்கிற வீடுகளில் ஒரு பயம் வந்துடும். சாயங்காலம் நல்லா மேய்ஞ்சு அடைஞ்ச கோழி, காலையில சுருண்டு கிடக்கும். நாலஞ்சு நாளில் கூண்டே காலி. அதுதான் வெள்ளைக்கழிச்சல்.

இது வைரஸால் வரும் நோய். நம்ம நாட்டில் 1927-ல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறிஞ்சதால 'ராணிக்கேட் நோய்'னும் பேர். பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குறது, கழுத்து திருகுறது, கால் இழுத்துக்கிறது இதன் அடையாளங்கள். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது.

"இயற்கை விவசாயி தடுப்பூசி போடலாமா?"ன்னு கூட்டங்களில் என்கிட்ட கேட்கிறாங்க. தாராளமா போடலாம். நோய் வரக்கூடிய பகுதியில் தடுப்பூசியை நம்ம நாட்டு அங்கக வேளாண் தர விதிகளே அனுமதிக்குது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைச்சு நானும் கொடுக்கிறேன். அது கோழிக்குத் தெம்பு. தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. வருசக்கணக்கா பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெருவிடை, சிறுவிடையும் நமக்கு விதை மாதிரிதான். கூண்டு காலியானா அந்த வித்தும் போச்சு.

என் பண்ணை முறை இது: குஞ்சு பொரிச்ச 7-ம் நாள் லசோட்டா மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4-ம் வாரம் மறுபடியும் லசோட்டா. 8-ம் வாரம் இறக்கையில் ஆர்2பி ஊசி. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி குடற்புழு நீக்கம். ஏற்கெனவே சோர்ந்து நிற்கிற கோழிக்கு ஊசி வேண்டாம். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாங்க. கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிங்க. ஒரு புட்டி மருந்து நிறையக் கோழிக்கு வரும். அதனால பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கோங்க. அவங்க கோழிக்கு வந்தா நம்ம கோழிக்கு வர எவ்வளவு நேரமாகும்? கால்நடைத்துறை பெரும்பாலும் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துது, விசாரிச்சு வைங்க.

சந்தையில் வாங்கின கோழியை 3 வாரம் தனியா அடைங்க. செத்த கோழியை வாய்க்காலில் வீசாம, சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைங்க. நோய் கண்டதும் மிச்சக் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுறதுதான் நோயை ஊர் ஊராக் கொண்டு போகுது. நட்டம் நம்மோட நிற்கட்டும்.

பொங்கலுக்கு வீட்டுக்குக் காப்புக் கட்டுற கையோட, கோழிக்கும் தேதி குறிச்சிடுங்க.