உங்களுக்குத் தெரியுமா? செங்கத்துக்கும் ஒரு சாகசப் புத்தகம் உண்டு!

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டுகிறார்கள். இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். இதற்கான புத்தகங்கள் வந்து குவிகின்றன, கையில் இருக்கும் காசுக்கோ அளவு உண்டு. எதை வாங்கலாம், எதை விடலாம்? செங்கத்தையும் சவ்வாது மலையையும் சுற்றி வந்து சில தகவல்கள்.

● 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரின் படைப்பு. ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள். ஆடத் தயாரான முழுக் கதை, அதாவது அட்வென்ச்சர், எதுவும் அதில் இல்லை. 1975-இல் வந்த 'பிளாக்மூர்' என்ற சப்ளிமென்டில்தான் 'டெம்பிள் ஆஃப் த ஃபிராக்' என்ற முதல் அட்வென்ச்சர் அச்சானது. அதுவரை ஆடியவர்கள் தங்கள் கதையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். உங்களாலும் முடியும்.

● சப்ளிமென்ட் வேறு, அட்வென்ச்சர் வேறு. புதிய விதிகள், புதிய பாத்திர வகைகள், புதிய ஊர்கள் என்று ஆட்டத்துக்குக் கூடுதல் சரக்கு தருவது சப்ளிமென்ட். இன்று மாலை நண்பர்களை உட்காரவைத்து நடத்தக்கூடிய கதையைத் தருவது அட்வென்ச்சர். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான். ஆனால் பலரும் முதலில் வாங்குவது முதல் வகையை.

● விதிப் புத்தகத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தொடங்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தின் விதிகள் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்' தளத்தில் இலவசம். 1981 முதல் வரும் திகில் ஆட்டமான 'கால் ஆஃப் கதூலூ'வின் இலவசத் தொடக்க நூலில் 'த ஹான்டிங்' என்ற அட்வென்ச்சரும் உண்டு. இவற்றை ஆடிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

● பக்கம் கூடினால் பயன் கூடும் என்பதில்லை. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் எழுதி 1983-இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' 32 பக்கம்தான். அதே கதையை விரித்து 2016-இல் வெளியிட்ட 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' 256 பக்கம். இரண்டுமே நல்ல நூல்கள். ஆனால் பெரியதை முடிக்க ஒரே குழு மாதக்கணக்கில் தவறாமல் கூட வேண்டும். தேர்வு, வேலை, ஊர்த் திருவிழா என்று குழு கலைவது நம் வழக்கம். இரண்டு மூன்று அமர்வில் முடியும் சிறு கதையே முதலில் வாங்கத் தக்கது.

● சரி, நல்ல அட்வென்ச்சர் எப்படி இருக்க வேண்டும்? செங்கத்துக்கே இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. பத்துப்பாட்டில் பத்தாவதான மலைபடுகடாம், இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் கூத்தர் குழுவுக்கு, செங்கண்மாவில் இருக்கும் தலைவன் நன்னனிடம் போகும் வழியைச் சொல்வதுதான் பாட்டு. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறுதான் இன்றைய செய்யாறு.

● அந்த வழிகாட்டுதலை உன்னிப்பாகப் பாருங்கள். தொடக்கத்திலேயே குழுவின் கையில் உள்ள இசைக்கருவிகளின் பட்டியல் வருகிறது. பிறகு வழியில் உள்ள ஆபத்துகள், ஒவ்வொன்றுக்கும் மாற்றோடு. காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள். இருட்டில் நடக்காமல் விடிந்த பின் போங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள். மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர்கள் தடுமாறாமலிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள். எந்தச் சிற்றூரில் என்ன சாப்பாடு கிடைக்கும், மலையில் என்னென்ன ஓசை கேட்கும், முடிவில் நன்னன் என்ன பரிசு தருவான், எல்லாம் இருக்கிறது.

● வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே. வழி தெளிவாக இருக்கிறதா? ஆபத்தோடு அதிலிருந்து தப்பும் வழியும் உண்டா? சந்திக்கும் மனிதர்களுக்கு முகமும் குரலும் உண்டா? பரிசு என்ன? பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களை இணையத்தில் தருகின்றன. அவற்றிலேயே விடை தேடுங்கள். பத்துப் பக்கம் பழைய வரலாறு சொல்லிவிட்டு, ஆட்டக்காரர்கள் செய்ய ஒன்றுமே இல்லாத புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

● வாங்காமல் நீங்களே கதை கட்டவும் செங்கத்தில் பொருள் உண்டு. செங்கம் வட்டார நடுகற்களைத் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பில், தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது. இவற்றில் பல பல்லவர் காலத்தவை. எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள்: எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்த வீரன், அவனருகே கோவிவன் என்ற அவன் நாய். அந்த நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. கள்வர் யார், எருமைகள் எங்கே, தடயத்தைக் கோவிவன் முகர்ந்து காட்டுமா? ஒரு மாலைக்கான ஆட்டம் தயார்.

● 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கம் கணவாயில் ஹைதர் அலி, நிஜாம் படைகளுக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலப் படைக்கும் போர் நடந்தது. ரோல்பிளே ஆட்டங்களின் வேரே போர் விளையாட்டுகள்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1971-இல் வந்த 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டிலிருந்து வளர்ந்தது. படை நடத்த ஆசைப்படுபவர்கள் அதற்கான களத்தைத் தூரத்தில் தேட வேண்டியதில்லை.

● இந்திய மணம் வீசும் கதைகளும் இப்போது அச்சில் உண்டு. 2021-இல் வந்த 'வான் ரிக்டன்ஸ் கைட் டு ரேவன்லாஃப்ட்' நூலில் அஜித் ஜார்ஜ் எழுதிய 'காலகேரி' என்ற இருள்நாடு இருக்கிறது. 2022-இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில் 13 தனித்தனி அட்வென்ச்சர்கள். மிமி மொண்டல் எழுதியது வங்க மண்ணின் வாசனை உள்ளது. ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், இப்படிப்பட்ட சிறுகதைத் தொகுப்பே என் பரிந்துரை. ஒன்று பிடிக்காவிட்டாலும் பன்னிரண்டு மிச்சம்.

● அட்டையில் பதிப்பைப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இப்போதைய பதிப்பின் விதிப் புத்தகங்கள் 2014-இல் வந்து, 2024 முதல் திருத்தி வெளியிடப்பட்டன. எத்தனையாவது லெவல் பாத்திரங்களுக்கு எழுதப்பட்டது என்பதும் பார்க்க வேண்டியது. அட்வென்ச்சரைக் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் மட்டும் படித்தால் போதும். எனவே குழுவுக்கு ஒரு பிரதி போதும், செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். பிடிஎஃப் கிடைத்தால் தபால் செலவும் மிச்சம்.

● கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த அட்வென்ச்சருக்கு ஆர்டர் போடும் முன், அலமாரியில் ஆடாமல் கிடப்பதை ஆடி முடியுங்கள். பிறகு நூலகத்தில் மலைபடுகடாத்தை உரையோடு எடுத்து, ஒரு தாளில் செய்யாற்றையும் சவ்வாது மலையையும் வரைந்து, கூத்தர் குழுவாக உங்கள் நண்பர்களை நன்னனிடம் அனுப்பிவையுங்கள். நம் ஊரை வைத்து நாம் எழுதும் ஆட்டங்கள் இன்னும் நிறைய வர வேண்டும். முதல் ஆட்டத்தை நீங்களே எழுதுங்கள்.