தின் கிளையன்ட் கருவிகளில் ரோமிங் பயனர் சுயவிவரம்

ரோமிங் பயனர் சுயவிவரம் என்பது ஒரு பயனரின் கணினி அமைப்புகளை வலையமைப்பில் உள்ள கோப்பு வழங்கியில் சேமித்து, அவர் எந்தக் கணினியில் உள்நுழைந்தாலும் அவற்றை அங்கே கிடைக்கச் செய்யும் விண்டோஸ் வசதியாகும். திரைப் பின்னணி, குறுக்குவழிகள், மின்னஞ்சல் கையொப்பம் போன்றவை இதில் அடங்கும்.

தேவை

2004இல் உருவான கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டைகளைக் கொண்ட எல்லை நகரம். பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தகைய தொழிற்பகுதிகளில் ஷிப்ட் மாறும்போது ஒரே இருக்கையில் வேறொருவர் அமர்வார். தின் கிளையன்டில் பயனரின் தரவு தங்குவதில்லை. திரையும் விசைப்பலகையும் மட்டுமே அங்கே இருக்கும், வேலை தொலைவிலுள்ள அமர்வு வழங்கியில் நடக்கும். அமர்வு வழங்கிகள் பல இருந்தால், நேற்று ஒன்றில் செய்த அமைப்பு இன்று மற்றொன்றில் இராது. இக்குறையை ரோமிங் சுயவிவரம் தீர்க்கிறது.

எங்கே வைப்பது?

சுயவிவரத்தைப் படிப்பது தின் கிளையன்ட் அல்ல, அமர்வு வழங்கியே. எனவே கோப்பு வழங்கி பயனருக்கு அருகில் அல்ல, அமர்வு வழங்கிக்கு அருகில் இருக்க வேண்டும். ஓசூர் ஆலையின் அமர்வுகள் பெங்களூரு தரவு மையத்தில் ஓடினால், சுயவிவரங்களும் அங்கேயே இருப்பது நல்லது. இல்லையெனில் ஒவ்வோர் உள்நுழைவிலும் கோப்புகள் தொலைத்தொடர்பு இணைப்பைக் கடந்து செல்லும். ஷிப்ட் தொடக்கத்தில் அனைவரும் காத்திருக்க நேரிடும்.

அமைக்கும் முறை

1. கோப்பு வழங்கியில் பகிர்வுக் கோப்புறை ஒன்றை உருவாக்க வேண்டும். பயனர் தன் கோப்புறையை மட்டுமே திறக்கும்படி அனுமதிகளை அமைக்க வேண்டும்.
2. அமர்வு வழங்கிகளுக்கான குழுக் கொள்கையில், தொலை மேசைச் சேவைக்குரிய ரோமிங் சுயவிவரப் பாதையைக் குறிப்பிட வேண்டும். பகிர்வின் பாதை மட்டும் போதும். பயனர் பெயரிலான கோப்புறையை விண்டோஸ் தானே சேர்த்துக்கொள்ளும்.
3. ஆவணங்கள், மேசைத்தளம் ஆகியவற்றைக் கோப்புறைத் திருப்பல் மூலம் நேரடியாகக் கோப்பு வழங்கிக்கு மாற்ற வேண்டும். இதனால் சுயவிவரம் சிறியதாகும், உள்நுழைவு விரைவாகும்.

கவனிக்க வேண்டியவை

மாற்றங்கள் பெரும்பாலும் வெளியேறும்போதுதான் கோப்பு வழங்கியில் எழுதப்படுகின்றன. கருவியின் மின்சாரத்தை நிறுத்துவது வெளியேறுதல் ஆகாது. அமர்வு துண்டிக்கப்பட்ட நிலையில் வழங்கியில் தொடர்கிறது. துண்டிக்கப்பட்ட அமர்வுகளுக்குக் கால வரம்பு விதிப்பதுடன், வெளியேறிய பின்பே எழ வேண்டும் என்று பணியாளருக்குச் சொல்லித்தரவும் வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் இரு வழங்கிகளில் நுழைந்தால், கடைசியாக வெளியேறும் அமர்வின் அமைப்புகள் முந்தையதன் மீது எழுதப்படும்.

தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகள் புழங்கும் ஓசூரில் விசைப்பலகையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சுயவிவரத்தில் ஒரு மொழி தெரிவு செய்யப்பட்டிருந்தாலும், தின் கிளையன்டின் விசைப்பலகை அமைப்பு அதை மேலிடக்கூடும்.

மாற்று வழிகள்

விண்டோஸ் சர்வர் 2012இல் அறிமுகமான பயனர் சுயவிவர வட்டும், மைக்ரோசாஃப்ட் 2018இல் கையகப்படுத்திய எஃப்.எஸ்.லாஜிக்சும் முழுச் சுயவிவரத்தையும் ஒரே மெய்நிகர் வட்டில் வைக்கின்றன. உள்நுழையும்போது அவ்வட்டு இணைக்கப்படுவதால், கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்கும் தாமதம் குறைகிறது.