பெர்லினின் கண்ணீர் மாளிகையும் ஒரு பிஸ்கட் டின்னும்

பெர்லினுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். 2018ல் இங்கே சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தேன். கல்லூரி நண்பன், நண்பனின் மாமனார், ஆபீஸ் விஷயமாக வரும் சென்னை டீம் என்று எத்தனை பேரைக் கூட்டிப் போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால் ஒரு ரூட் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் பிராண்டன்பர்க் கேட், பக்கத்திலேயே நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம், மதியம் மியூசியம் தீவு, சாயங்காலம் செக்பாயின்ட் சார்லி. ஒவ்வொரு இடத்திலும் நாலு போட்டோ, ரெண்டு வரி வரலாறு. ஒரே நாளில் ஊர் முடிந்துவிடும்.

போன கோடையில் அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக வந்தார்கள். அப்பா திருநெல்வேலி பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகம், வரலாறு என்றால் உயிர். அவருக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எதைக் காட்டினாலும் "நல்லாருக்குப்பா" என்று ஒரு வார்த்தைதான்.

பிராண்டன்பர்க் கேட் உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேர் நிற்கிறது. 1806ல் நெப்போலியன் அதைக் கழற்றி பாரிசுக்குக் கொண்டுபோனதையும், 1814ல் அது திரும்பி வந்ததையும் விலாவாரியாகச் சொன்னேன். "சிலையைத் தூக்கிட்டுப் போறது எல்லா ஊர்லயும் உண்டு போல" என்று மட்டும் சொன்னார். செக்பாயின்ட் சார்லியில் நிற்கும் காவல் கூண்டு நகல்தான், அசல் வேறொரு மியூசியத்தில் இருக்கிறது என்றதும், "அப்ப இதை எதுக்கு இத்தனை பேர் போட்டோ எடுக்காங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அம்மா பரவாயில்லை. நொயெஸ் மியூசியத்தில் எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1912ல் அமர்னாவில் ஜெர்மன் அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்தது. அந்த அறையில் போட்டோ எடுக்க விடமாட்டார்கள். அதனாலேயோ என்னவோ, அங்கேதான் எல்லோரும் சிலையைக் கண்ணால் பார்க்கிறார்கள். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மூக்கும் முழியுமா எவ்வளவு லட்சணம்! ஆனா ஒரு கண்ணு திறக்காம விட்டுட்டானே" என்றார். நிஜம்தான். அந்தச் சிலையின் இடது கண்ணில் கருவிழி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் எதுவும் இல்லை. அப்போதுதான் அண்ணன் போன் செய்தார்.

காலி அலமாரிகள்

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோவிலில் பழக்கம். வயது அறுபதை நெருங்குகிறது. ஒரு பெரிய சமையல்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. "ஐயா வந்திருக்கிறார் எண்டு சொன்னியள். நானும் ஒருநாள் கூட வாறன். நாப்பது வருசமா இஞ்ச இருக்கிறன், ஒரு மியூசியமும் ஒழுங்காப் பாத்ததில்லை" என்றார்.

மியூசியம் தீவில் பெர்கமோன் மியூசியம் 2023 அக்டோபரிலிருந்து பராமரிப்புக்காக மூடிக் கிடக்கிறது. அதனால் வெளியிலேயே சுற்றிவிட்டு, உன்டர் டென் லிண்டன் சாலையில் நடந்தோம். பத்து நிமிடத்தில் பேபெல் சதுக்கம் வந்தது. ஒரு பக்கம் ஓபரா அரங்கம், சாலைக்கு எதிர்ப்புறம் ஹம்போல்ட் பல்கலைக்கழகம். இந்தச் சதுக்கம் என் ரூட்டில் கிடையாது. ஏனென்றால் போட்டோ எடுக்க அங்கே எதுவும் இல்லை. தரையில் பதித்த ஒரு சதுரக் கண்ணாடி, அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் தரைக்குக் கீழே ஒரு வெள்ளை அறை தெரியும். சுவர் முழுக்க வெள்ளை அலமாரிகள். அவற்றில் ஒரு புத்தகம்கூட இருக்காது.

1933 மே 10ஆம் தேதி இரவு, நாஜி ஆதரவு மாணவர்கள் இந்த இடத்தில் சுமார் 20,000 புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். இஸ்ரேலியச் சிற்பி மிக்கா உல்மன் வடிவமைத்த இந்த நினைவுச் சின்னம் 1995ல் அமைக்கப்பட்டது. எரிந்த அத்தனை புத்தகங்களையும் அடுக்கும் அளவுக்கு அந்த அலமாரிகளில் இடம் இருக்கிறது.

அப்பா முதல் முறையாகக் குனிந்தார். முட்டி வலியையும் பொருட்படுத்தாமல் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். "இருபதாயிரம்னா எங்க லைப்ரரி மொத்தமும்ல. ஒரு புத்தகம் காணாமப் போனாலே நாங்க விளக்கம் எழுதணும்" என்றார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "எங்கட லைப்ரரியிலை 97,000 ஐயா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"81இலை எனக்குப் பதினைஞ்சு வயசு. சுண்டிக்குளியிலை வீடு. இரவு வானம் சிவந்து கிடந்தது. விடிய எழும்பினா முத்தத்திலை கடதாசிச் சாம்பல். அம்மா கூட்டிக் கூட்டி அள்ளினவ."

1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1 விடியலுக்கும் இடையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும், வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடிகளும் அதில் போயின. இது எனக்கும் தெரியும். எங்கேயோ படித்த ஒரு வரியாகத் தெரியும். அதன் சாம்பலைத் தன் வீட்டு முற்றத்தில் பார்த்த ஒருவர் ஏழு வருடமாக என்னோடு கோவிலில் அன்னதானத்துக்கு இலை போட்டிருக்கிறார் என்பது தெரியாது. நான் கேட்டதே இல்லை.

அப்பா அவரிடம் கேட்டார். "கேட்லாக் ஏதாவது தப்பிச்சுதா தம்பி? என்னென்ன புத்தகம் இருந்துச்சுன்னு பட்டியலாவது?" ஒரு நூலகருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

"நான் இதாலைதான் வந்தனான்"

அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸே ரயில் நிலையம் கால் மணி நேர நடைதான். ரயில் ஏறிவிடலாம் என்று போனோம். ஸ்டேஷனை ஒட்டி கண்ணாடியும் இரும்புமாக ஒரு கட்டடம் உண்டு. பெயர் ட்ரேனன்பலாஸ்ட், கண்ணீர் மாளிகை. அண்ணன் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பி, நான் இதாலைதான் வந்தனான்."

தினமும் ஆபீசுக்குப் போக நான் ரயில் மாறும் ஸ்டேஷன் அது. ஏழு வருடமாக அந்தக் கட்டடத்தைக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. அனுமதி இலவசம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழுந்தது. அதன்பின் கிழக்கு பெர்லினுக்குள் இருந்த இந்த ஸ்டேஷனே எல்லையாகிவிட்டது. மேற்கே போகிறவர்களைச் சோதிக்க 1962ல் கட்டப்பட்ட கூடம் இது. பார்க்க வந்த உறவினர்கள் திரும்பிப் போகும்போது, கிழக்கில் இருப்பவர்கள் இதன் வாசல் வரைதான் வர முடியும். அங்கே நின்று அழுது பிரிந்ததால் மக்கள் வைத்த பெயர் கண்ணீர் மாளிகை. 2011ல் இருந்து இது மியூசியம்.

இதற்குள் நம்மவர் எப்படி வந்தார்கள்? எங்கள் பாஷையில் சொன்னால், சிஸ்டத்தில் இருந்த ஒரு லூப்ஹோல். கிழக்கு ஜெர்மனி தன் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டவருக்கு டிரான்சிட் விசா கொடுத்தது. அதைக் காட்டி இந்தக் கூடத்தைத் தாண்டி மேற்கு பெர்லின் ரயிலில் ஏறலாம். அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. ஏனென்றால் மேற்கு நாடுகள் இதை ஒரு நாட்டின் எல்லையாக ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை பெர்லின் ஒரே நகரம். அங்கே சோதனை போட்டால் சுவரை ஏற்றுக்கொண்டது போல் ஆகிவிடும். அதோடு, அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுவோருக்கு அடைக்கலம் உண்டு என்று 1949ல் எழுதிய மேற்கு ஜெர்மன் அரசியலமைப்புச் சட்டம் சொன்னது. 1993ல்தான் அந்தப் பிரிவை இறுக்கினார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்த வழியாக ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அண்ணன் வந்தது 1985 பெப்ரவரி. கொழும்பு, மாஸ்கோ, ஷோனஃபெல்ட். வயது பத்தொன்பது.

மியூசியத்துக்குள் அந்தக் காலத்துப் பாஸ்போர்ட் கூண்டு அப்படியே இருக்கிறது. ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். அண்ணன் உள்ளே போய் நின்றார். "இதுக்குள்ளை நிக்கேக்கை கால் நடுங்கினது. குளிராலையா பயத்தாலையா எண்டு தெரியேல்லை. செருப்போடை வந்தனான். அவன் என்ரை முகத்தைப் பாக்கிறான், படத்தைப் பாக்கிறான், பிறகும் முகத்தைப் பாக்கிறான். பிறகு சீல் குத்தினான். கதவு திறந்திட்டுது."

அதே கதவு உள்ளூர்க்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு 1989 நவம்பர் 9 வரை திறக்கவில்லை. சுவரைத் தாண்ட முயன்றும் அதன் காவலிலும் குறைந்தது 140 பேர் உயிரை விட்டார்கள். அவர்கள் தாண்ட முடியாத இடத்தை யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் செருப்புக் காலோடு தாண்டி, அடுத்த ரயிலில் ஸூ ஸ்டேஷனில் போய் இறங்கியிருக்கிறான். அந்த வழியும் நிலைக்கவில்லை. மேற்கு ஜெர்மனியின் நெருக்கடியால், 1985 நடுப்பகுதியில் இலங்கைத் தமிழருக்கு அது அடைபட்டது. அடுத்த ஆண்டு மற்ற நாட்டு அகதிகளுக்கும் அடைபட்டது. "அஞ்சு மாசம் பிந்தியிருந்தா நான் இஞ்ச இல்லை" என்றார் அண்ணன்.

நான் வந்தபோது கையில் ப்ளூ கார்டு ஆவணங்கள், கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட், டேகல் விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு ஆள். ஸ்வெட்டர் சரியில்லை என்பதுதான் அன்றைக்கு என் பெரிய கவலை.

பிஸ்கட் டின்

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருப்பவை தங்கமோ வைரமோ இல்லை. சூட்கேஸ், கடிதம், பாஸ்போர்ட், பயணச் சீட்டு. சாதாரணக் குடும்பங்களில் அலமாரிக்கு மேல் கிடந்திருக்கும் சாமான்கள். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்தார். "இப்பிடி ஒரு துண்டு என்னட்டையும் கிடக்குது."

அன்று இரவு அவர் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டதால் சின்ன வீட்டுக்கு மாறப்போகிறார்கள். ஹாலில் மூட்டைகள். குப்பைக்குப் போகவிருந்த பெட்டியில் இருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே 1985 தேதி முத்திரையோடு டிரான்சிட் விசாத் தாள், மடிப்பில் கிழிந்தபடி. முதல் வருடம் அம்மா எழுதிய நான்கு கடிதங்கள். அகதி முகாமில் ஆறு பேர் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டு எடுத்த ஆறு போட்டோக்கள்.

"ஆருக்கு இது வேணும் எண்டுதான் எறிய வைச்சனான்" என்றார். பெர்லினில் பிறந்து வளர்ந்த அவர் மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் அன்றுதான் அவற்றை முதலில் பார்க்கிறாள். "ஏன் அப்பா சொல்லேல்லை?" என்றாள். "நீ கேக்கேல்லையே அம்மா" என்றார்.

பெர்லினில் 'நல்லாருக்குப்பா' தவிர எதுவும் சொல்லாத என் அப்பா அதற்குப் பிறகு வேலையில் இறங்கிவிட்டார். "செல்லோடேப் ஒட்டிராதீங்க, காலப்போக்குல பேப்பரைத் தின்னுரும். லேமினேட் பண்ணிராதீங்க, பிறகு பிரிக்க முடியாது. போட்டோ பின்னால பேனாவால எழுதாதீங்க, பென்சில்ல லேசா எழுதுங்க. யாரு, எங்க, எந்த வருசம்." மகள் போனிலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாள். ரெண்டு பிரதி, ரெண்டு இடத்தில் வைக்கச் சொன்னேன். என் தொழிலில் இருந்து அவர்களுக்குத் தர முடிந்தது அந்த ஒன்றுதான்.

பிறகு போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேசச் சொன்னோம். "உங்கள் அகதி வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் பேச்சு வராது. "முதல் நாள் என்ன சாப்பிட்டீங்க?" என்று அம்மா கேட்டார். ஒன்றரை மணி நேரம் ஓடியது.

இப்போதெல்லாம் வேலைக்காக ஐரோப்பா வருகிற என்னைப் போன்றவர்கள் பல ஆயிரம் பேர். வார இறுதியில் ஒரு நகரம், ஒரு நகரத்தில் பத்து இடம் என்று ஓடுகிறோம். ஓடலாம், தப்பில்லை. ஆனால் பாரிஸ், லண்டன், சூரிச், ஒஸ்லோ என்று எங்கே போனாலும் நமக்கு முன்னால் வந்து கடையையும் கோவிலையும் தமிழ்ப் பள்ளியையும் உண்டாக்கி வைத்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள், எந்தப் பாலத்தடியில் ஒரு ராத்திரி படுத்தார்கள் என்பது எந்த கைடு புத்தகத்திலும் வராது. வீடு மாறும்போது, ஒரு மரணம் நிகழும்போது அந்த பிஸ்கட் டின்கள் குப்பைக்குப் போகின்றன. ஒரு நூலகம் எரிந்ததற்கு நாற்பது வருடம் கழித்தும் கோபப்படுகிற நாம், கண்ணெதிரே போகிற இதைக் கவனிப்பதில்லை.

அடுத்த விடுமுறையில் நீங்கள் பார்க்கப்போகும் பட்டியலில் ஒரு இடத்தைக் குறைத்துக்கொண்டு, அந்த ஊரில் பழகிய பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். 'நீங்க முதல்ல வந்து இறங்கின இடத்தைக் காட்டுங்க' என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போய் மாதக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் வெயில், மழை, மருந்து எல்லாம் பேசி முடித்தபின் அப்பா தவறாமல் ஒன்று கேட்கிறார்.

"அந்தத் தம்பி மீதிக் கதையைச் சொல்லிட்டாரா?"