போர்த் தண்ணீரும் சரக்கு வண்டியும்

கொள்முதல் விலை, வரி, உரிமம் பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். சரக்கைச் சுமந்து வரும் வண்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு, மளிகைக் கடைக்காரரும் சொந்தமாக ஒரு சிறு டீசல் வண்டி வைத்துக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. 2011-இல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் நமது ஓசூரிலேயே தயாராகும் வண்டி. வாடகை லாரிக்குக் காத்திருந்த காலம் போனது நல்லதுதான். ஆனால் வாடகை லாரிக்காரர் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது நாம்தான் பார்க்க வேண்டும்.

நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே போதும். வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகக் காறை கட்டும். மாதம் ஒருமுறை சுரண்ட வேண்டும். அதே தண்ணீரை வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றினால் அங்கேயும் அதே காறைதான் கட்டும். தவலையைச் சுரண்டலாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் யார் கையை விடுவது?

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் சுமாராக மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் வாங்கி வெளியே தள்ளுகிறது. காறை படிந்தால் வெப்பம் வெளியேறாது. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. பாரம் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும்போது தெரியும். அங்கே சுமார் 400 மீட்டர் உயரம் ஏறுகிறோம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஓசூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைத் தடுக்கத்தான் ரேடியேட்டர் மூடி இருக்கிறது. நாம் விற்கிற குக்கரின் வெயிட் செய்யும் வேலையையே அது செய்கிறது. அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஆகவே மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் ரேடியேட்டர் புதிதாக இருந்தும் பயனில்லை. மூடியின் விலை சொற்பம். வெடித்த வளையத்தைப் பார்த்தால் அன்றே மாற்றுங்கள்.

தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. "குளிர் நாட்டுக்காரர்களுக்கு உறையாமல் இருப்பதற்கான சரக்கு அது, நமக்கு எதற்கு?" என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டிய வேலைகள். கெட்டியான கூலன்ட் வாங்கினால் பாதிக்குப் பாதி பேட்டரித் தண்ணீர் கலக்க வேண்டும். கலந்தே வரும் டப்பாவில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு என்று வகைகள் உண்டு. ஒன்றோடொன்று கலக்காமல், வண்டிக் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள்.

மாற்றும் வேலையை நாமே செய்யலாம். இஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். அடியிலுள்ள திருகைத் திறந்தோ, கீழ் ஹோஸைக் கழற்றியோ பழையதை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். பேட்டரித் தண்ணீரை நிரப்பி, மேல் ஹோஸ் கையால் தொட்டால் சுடும் வரை ஓட விடுங்கள். ஆறிய பின் வடித்துவிடுங்கள். தெளிவாக வரும் வரை இப்படிச் செய்து, பிறகு கூலன்ட் ஊற்றுங்கள். ஆறிய இஞ்சினை மூடி திறந்தபடியே ஓட விட்டால் குமிழிகள் வெளியேறி மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றி, கொதிப்பதற்கு முன்பே மூடிவிட வேண்டும். உள்ளே காற்று நின்றுவிட்டால் இஞ்சின் ஒரு பக்கம் மட்டும் சுடும். மறுநாள் காலை டப்பாவின் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காறை நீக்கப் புளிக்கரைசல் ஊற்றும் யோசனை நம் பக்கம் சிலரிடம் உண்டு. புளி வியாபாரத்தில் ஊறிய ஊர் அல்லவா! அமிலம் காறையோடு அலுமினியத்தையும் தின்னும். முற்றிய காறைக்கு ரேடியேட்டர் கடைதான் வழி.

ரேடியேட்டரின் வெளிப்பக்கமும் அடைத்துக்கொள்ளும். மூட்டைத் தூசி, பதர், பூச்சி எல்லாம் தகட்டு இடுக்கில் சேரும். இஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் நிலையத்து வேகத் தண்ணீர் தகடுகளை மடக்கிவிடும். பெல்ட்டில் வெடிப்பு, ஹோஸில் உப்பல் இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டி சுட்டால் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது 80 டிகிரிக்கு மேல் திறக்கும் ஒரு வால்வு. அது இல்லாவிட்டால் காலையில் இஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். நோய் வேறு எங்கோ இருக்க, மருந்தைத் தூக்கி எறிகிற கதை இது.

வழியில் முள் சிவப்புக்குப் போனால் ஓரம் கட்டுங்கள். இஞ்சினை நிறுத்தி அரை மணிக்குக் குறையாமல் ஆற விடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகம் வெந்துவிடும். ஆறுவதற்கு முன் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். "சந்தைக்கு நேரமாகிறது" என்று ஓட்டுநரை விரட்டுகிற முதலாளிகளுக்கும் இதைச் சொல்கிறேன். தக்காளி லோடு ஒன்று கெட்டால் ஒரு நாள் நஷ்டம். ஹெட் வளைந்தால் வண்டியே பல நாள் பட்டறையில் நிற்கும். ஒழுக்கு இல்லாமலே கூலன்ட் குறைந்தாலும், ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்தாலும் நாமே கை வைக்காமல் தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள்.

கடைக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிறு அளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். சர்பத் பாட்டிலிலோ எண்ணெய் டின்னிலோ மாற்றி வைக்காதீர்கள், உணவுப் பொருள் அடுக்கில் வைக்காதீர்கள். வடித்த பழையதைக் கொல்லையிலோ சாக்கடையிலோ கொட்டினால் ஆடு மாடும் நாயும் குடிக்கும். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே எழுதி ஒட்டி, கழிவு ஆயில் எடுக்கிற பட்டறையில் தனியாகக் கேட்டு ஒப்படையுங்கள்.